வாசகர் கேள்வி: மொரீஷியஸ் ரம்மும் நம்மூர்ப் பதநீரும்

வரும் பிப்ரவரியில் மகனும் மருமகளும் எங்களைப் பத்து நாள் பயணமாக மொரீஷியஸுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே ரம் வடிக்கும் ஆலைகளைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்களாமே? எவற்றைப் பார்க்கலாம்?
– அம்பாசமுத்திரம் வாசகர்

முதலில் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸில் கரும்பு வெட்டு ஏறத்தாழ ஜூனில் தொடங்கி டிசம்பருக்குள் முடிந்துவிடும். பிப்ரவரியில் போனால் ஆலை இருக்கும், பீப்பாய்கள் இருக்கும், ருசி பார்க்கும் மேசையும் இருக்கும். ஆனால் கரும்பு அரைபடும் ஓசையும் சாறு நுரைத்துப் பொங்கும் வாசனையும் இருக்காது. போதாததற்கு அது புயற்காலம். மகனுக்கு ஆகஸ்டில் விடுப்புக் கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகை, அதாவது மொலாசஸை, நொதிக்க வைத்து, வாலை எனும் காய்ச்சி வடிக்கும் கலத்தில் வடிப்பது ஒருவகை ரம். நம் நாட்டில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இவ்வகையே. பிழிந்த கரும்புச் சாற்றையே நொதிக்க வைத்து வடிப்பது இன்னொரு வகை. திருநெல்வேலிச் சீமைக்காரருக்கு இந்த வேறுபாட்டை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாமல் விட்டால் அதே பாளைச் சாறு தானாகவே பொங்கிக் கள்ளாகிவிடும் என்பது நமக்குத் தெரியும். கரும்புச் சாறும் அப்படித்தான். அது யாருக்காகவும் காத்திராது. கழிவுப்பாகோ கருப்பட்டியைப் போல இருப்பு வைக்கத் தக்கது. ஆகவே சாற்று ரம் வடிக்கும் ஆலை கரும்புக் காட்டை ஒட்டியே இருக்கும், வெட்டுக் காலத்தில் மட்டுமே வாலையில் தீ எரியும். சாற்று ரம்மில் பச்சைக் கரும்பின் வாசம் தூக்கலாகத் தெரியும். பாகு ரம்மில் வெல்லம் காய்ச்சும் வாசம்.

சர்க்கரைத் தொழிலைக் காக்கும் பொருட்டு, சாற்றை நேரடியாக வடிக்க மொரீஷியஸில் நெடுங்காலம் அனுமதி இருக்கவில்லை. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் அந்தக் கட்டு தளர்ந்தது. எனவே அங்குள்ள சாற்று ரம் ஆலைகள் வயதில் இளையவை. தென்மேற்கு மலைப்பகுதியில் உள்ள ஷமரேல் ஆலை 2008-இல் திறக்கப்பட்டது. ஏழு வண்ண மண்மேடும் அருகிலேயே இருப்பதால், ஒரே ஓர் ஆலைதான் பார்க்க முடியும் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள். தெற்கே 1819-இல் கட்டப்பட்ட பழைய தோட்ட மாளிகையைக் கொண்ட சேந்த் ஒபேன் பண்ணையில் ரம்முடன் வெனிலாக் கொடியையும் காட்டுகிறார்கள். வடக்கே மாப்பூவில் லாபூர்தொனே மாளிகை, பழத்தோட்டம், அதன் ரம் ஆகிய மூன்றையும் ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். மூன்று ஆலைகளையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். நாக்கு இரண்டாவதிலேயே மரத்துவிடும். காரை வாடகை ஓட்டுநரிடம் விட்டுவிடுங்கள்.

ருசி பார்க்கும் இடத்தில் நிறமற்ற ரம்மிலிருந்து தொடங்குங்கள். பீப்பாயில் கிடந்தது பிறகு வரட்டும். நிறத்தை வைத்து வயதைக் கணிப்பது ஏமாற்றம் தரும், ஏனெனில் கருக்கிய சர்க்கரை சேர்த்தும் பழுப்பு வரவழைக்கலாம். எத்தனை ஆண்டு மரத்தில் இருந்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெப்ப நாட்டுப் பீப்பாயில் ஆவியாகிப் போகும் பங்கு, ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் போவதைக் காட்டிலும் மிக அதிகம் என்பதால், பத்தாண்டு ரம்மின் விலையைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். வெனிலா, ஆரஞ்சு, காப்பிக்கொட்டை முதலியவற்றை ஊறப்போட்ட 'ரம் அராஞ்சே' எனும் வகையும் அங்கே உண்டு. அது இனிப்பாகத்தான் இறங்கும்; சாராயத்தின் வலிமை குறைந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

நான் மதுவைத் தொடுவதில்லை. இவர் ஆலை ஆலையாகப் போனால் எனக்கு அங்கே என்ன வேலை?
– திசையன்விளை வாசகி

வேலை இருக்கிறது. போ பிளான் என்ற இடத்தில், மூடப்பட்ட பழைய சர்க்கரை ஆலை ஒன்றையே அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். 1639-இல் டச்சுக்காரர்கள் கரும்பைக் கொண்டுவந்தது முதல் அடிமைகளின் உழைப்பு, 1834-க்குப் பின் கப்பலேறி வந்த இந்தியக் கூலிகளின் உழைப்பு வரை அந்தக் கதை அங்கே விரிகிறது. முடிவில் ரம்மை அவர் ருசி பார்க்கட்டும். சுத்திகரிக்காத சர்க்கரை வகைகளை நீங்கள் ருசி பாருங்கள். அவற்றுள் அடர்ந்த கரிய வகை, உடன்குடிக் கருப்பட்டியைத் தின்று வளர்ந்த நாக்குக்குச் சட்டென்று பிடிபடும். அந்தக் கூலிகள் கரையேறிய ஆப்ரவாசி காட், தலைநகர் போர்ட் லூயியில் இருக்கிறது. 2006-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை நாள். உங்கள் பயணத்துக்குள் அது வந்தால், அன்று காவடி பார்க்கப் போங்கள், ஆலையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

வயது வந்த ஒருவருக்கு 2 லிட்டர் வரை இந்தியச் சுங்கத் தீர்வை இல்லை. 70 சதவீதத்துக்கு மேற்பட்ட வலிமையுள்ள மதுவை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். வழியில் விமானம் மாறுவதாக இருந்தால், ஆலையில் வாங்கியதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடுங்கள். கைப்பையில் வைத்தால், இடையில் உள்ள பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுக்க நேரும்.