கிரில் அள்ளுற கப்பலுக்கு யாரு கணக்கு பாக்குறா?

கேள்வி: அண்டார்டிகா கடல்ல கிரில் (கூனி இறால் மாதிரி ஒரு சின்ன உயிர்) பிடிக்கிறத 2025-ல சீசன் முடியறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்கன்னு படிச்சேன். கடல்ல இருக்கறதுல ஒரு சதவீதம்தான் பிடிக்கிறாங்கன்னும் சொல்றாங்க. அவ்ளோ கம்மின்னா இன்னும் கட்டுப்பாடு வேணும்னு ஏன் கேக்குறாங்க?

பதில்: அந்த ஒரு சதவீதம் பொய் இல்லங்க, ஆனா அதோட நிறுத்திக்கிட்டா விஷயமே மறைஞ்சு போயிடும். 2019-ல எடுத்த சர்வேல அட்லாண்டிக் பக்கம் இருக்கற அண்டார்டிக் கடல்ல சுமார் 6.26 கோடி டன் கிரில் இருக்குன்னு கணக்கு போட்டாங்க, பிடிக்கலாம்னு வச்சிருக்கற வரம்பு 6,20,000 டன், வகுத்துப் பாத்தா ஒரு சதவீதம்தான் வரும். ஆனா கிரில் அந்தக் கடல் முழுக்க சமமா பரவியா இருக்கு? பெருசானா ஆறு சென்டிமீட்டர் வரும், கண்ணாடி ஒடம்புல அங்கங்க செவப்புப் புள்ளி, கறுப்பா ரெண்டு கண்ணு, அது தனியா திரியறதில்ல, கூட்டம் கூட்டமாதான் சுத்தும். அந்தக் கூட்டம் எங்க அடர்த்தியா இருக்கோ அங்கதான் கப்பல் போகும், அங்கதான் திமிங்கலமும் வரும், பெங்குயினும் வரும், சீலும் வரும்.

குஞ்சு பொரிச்ச பெங்குயின நெனச்சுப் பாருங்க. கரையில குஞ்சு பசியில வாயத் தொறந்துட்டு நிக்குது, தாயும் தகப்பனும் மாத்தி மாத்தி கடலுக்குப் போய் எரை எடுத்துட்டு வரணும், ரொம்ப தூரமும் போக முடியாது ஏன்னா சீக்கிரம் திரும்பணும். பக்கத்துல இருக்கற கூட்டத்த கப்பல் அள்ளிட்டுப் போயிட்டா, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி கோடி டன் கிரில் இருந்து அந்தக் குஞ்சுக்கு என்ன பிரயோஜனம்? மொத்தம் எவ்வளவுங்கறத விட எங்க, எப்போங்கறதுதான் இங்க கேள்வியே.

இதுக்குன்னு ஒரு விதி இருந்துச்சுங்க. அண்டார்டிக் கடல் உயிரினங்களப் பாத்துக்கற ஆணையம் (சுருக்கமா CCAMLR-னு சொல்வாங்க, ஆபீஸ் ஆஸ்திரேலியாவுல ஹோபார்ட்ல இருக்கு) 2009-ல அந்த 6,20,000 டன்ன நாலு பகுதிக்குப் பிரிச்சு, அண்டார்டிக் தீபகற்பத்த ஒட்டின பகுதில 1,55,000 டன்னுக்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு வச்சாங்க. அந்த விதிக்கு காலக்கெடு இருந்துச்சு, 2024 கூட்டத்துல அத நீட்டிக்க எல்லா நாடும் ஒத்துக்கல, அங்க ஒரு நாடு வேணாம்னா கூட முடிவு எடுக்க முடியாது, விதி அப்படியே செத்துப் போச்சு. அடுத்த சீசன்லயே என்ன ஆச்சு? தீபகற்பப் பக்கம் பழைய வரம்பத் தாண்டி அள்ளுனாங்க, நவம்பர் 30 வரைக்கும் ஓட வேண்டிய சீசன்ல ஆகஸ்ட் மாசமே மொத்த வரம்பும் தீந்து போய் மூடுனாங்க. வரம்பு தொட்டதும் மூடுனது நல்லதுதான், ஆனா எந்த எடத்துல அள்ளுனாங்கன்னு தடுக்க கையில விதி இல்லாமப் போச்சே, அதத்தான் என்னால தாங்கிக்க முடியல.

கேள்வி: ஒவ்வொரு கப்பல்லயும் கண்காணிப்பாளர் இருக்காராமே, அது போதாதா?

பதில்: இருக்காங்க, அது பெரிய விஷயம்தான், நெறைய மீன்பிடித் தொழில்ல அது கூட கிடையாது. அவங்க கிரில ஒவ்வொன்னா எடுத்து கண்ணுலேர்ந்து வால் நுனி வரைக்கும் மில்லிமீட்டர்ல அளந்து எழுதறாங்க. ஆனா சில புதுப் பெரிய கப்பல்கள்ல வலைய அடிக்கடி மேல தூக்கறதில்ல, வலை தண்ணிக்குள்ளயே கெடக்கும், அதோட அடில மாட்டுன குழாய் வழியா கிரில நிக்காம உறிஞ்சிக்கிட்டே இருக்கும், கப்பலும் நகர்ந்துகிட்டே இருக்கும். அப்போ எந்த எடத்துல எவ்வளவு வந்துச்சுன்னு துல்லியமா பிரிக்கறது கஷ்டம். 2021-லயும் 2022-லயும் ஹம்பேக் திமிங்கலங்க கிரில் வலையில மாட்டி செத்திருக்கு, அதனால வலை வாயில கேமராவும் கட்டாயமா வேணும்னு நான் சொல்வேன்.

அதவிட முக்கியம் சர்வே. அந்தப் பகுதி முழுசுக்கும் பெரிய சர்வே 2000-ல ஒன்னு, அப்புறம் 2019-ல ஒன்னு. நடுவுல 19 வருஷம்! கிரில் குஞ்சு குளிர்காலத்துல கடல் ஐஸுக்கு அடியில ஒட்டியிருக்கற பாசிய சாப்ட்டுத்தான் பொழைக்குது, அந்த ஐஸே கொறஞ்சுகிட்டு வருது, அப்படியிருக்க பழைய கணக்க வச்சு இன்னிக்கு அள்ளுறது எப்படி சரியாகும்? வலை நெறையுதேன்னு சமாதானம் சொல்லாதீங்க. கனடால நியூஃபவுண்ட்லாண்ட் காட் மீனும் அப்படித்தான், மொத்தம் கொறஞ்சாலும் மிச்சம் இருந்தது ஒரே எடத்துல கூடுச்சு, வலை நெறஞ்சுகிட்டே இருந்துச்சு, 1992-ல தடை போட்டு சுமார் முப்பதாயிரம் பேருக்கு வேலை போச்சு.

கேள்வி: நான் கிரில் ஆயில் கேப்சூல் சாப்பிடறேன், நிறுத்தணுமா?

பதில்: டாக்டர் சொல்லி சாப்ட்டா அவர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நீங்களா வாங்கி சாப்பிடறீங்கன்னா நிறுத்துங்கன்னுதான் சொல்வேன், அதுல இருக்கற ஒமேகா-3 கொழுப்பு பாசிலேர்ந்து எடுத்த கேப்சூல்லயும் கெடைக்குது. ஆனா பிடிக்கறதுல பெரும்பகுதி பண்ணை மீனுக்குத் தீவனமாத்தான் போகுது, அதனால நீங்க ஒருத்தர் விட்டா மட்டும் பத்தாது. இந்தியா அந்த ஆணையத்துல 1986-லேர்ந்து உறுப்பினர், நம்ம சார்பா போறது புவி அறிவியல் அமைச்சகம். பகுதி வாரியான வரம்பத் திரும்பக் கொண்டு வரச் சொல்லி அவங்களுக்கு ஒரு கடிதம் போடுங்க, கூட்டம் வருஷா வருஷம் அக்டோபர்ல நடக்கும், அதுக்கு முன்னாடியே அனுப்பிடுங்க.