மட்டையில் எடை ஏற்றலாமா? டென்னிஸ் கேள்வி பதில்

பல வருடங்களாக மட்டைகளுக்கு ஸ்ட்ரிங் போட்டுக்கொடுக்கிறேன். ஸ்ட்ரிங்குக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கப்படுவது லெட் டேப், அதாவது எடை கூட்ட மட்டையில் ஒட்டும் ஈயப் பட்டை பற்றித்தான். அந்தக் கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: என் மட்டை 300 கிராம். இரண்டு மூன்று கிராம் ஒட்டினால் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா, இல்லை மனப்பிரமையா?

தெரியும். ஆனால் எவ்வளவு ஒட்டுகிறீர்கள் என்பதைவிட எங்கே ஒட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். வீசும்போது கை உணரும் கனத்துக்கு ஸ்விங் வெயிட் என்று பெயர். கைப்பிடியின் அடியிலிருந்து 10 செ.மீ. மேலே இருக்கும் புள்ளியை அச்சாக வைத்து அதை அளப்பார்கள். அச்சிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் விளைவு நான்கு மடங்காகும். மட்டையின் தலையைக் கடிகார முகம் போல நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில், அதாவது 12 மணியில் 1 கிராம் ஒட்டினால் ஸ்விங் வெயிட் 3 புள்ளிக்கு மேல் ஏறும் (அதை அளக்கும் அலகைப் புள்ளி என்பார்கள்). அதே 1 கிராமை 3 மணிக்கும் 9 மணிக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தால் 2 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. கைப்பிடியில் வைத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. தராசு மூன்றுக்கும் ஒரே எடைதான் காட்டும்.

கேள்வி: எதிரே இருப்பவர் வேகமாக அடித்தால் மட்டை கையிலேயே திரும்பிக்கொள்கிறது. வாலியில், அதாவது பந்து தரையில் படும் முன்பே அடிக்கும்போது, ரொம்ப மோசம்.

எடை ஏற்ற இதைவிட நல்ல காரணம் கிடையாது. 3 மணி, 9 மணி இடங்களில் ஒட்டுங்கள். அங்கே வைக்கும் எடை, பந்து நடுவில் படாதபோது மட்டை முறுக்கிக்கொள்வதைக் குறைக்கும். சாதாரண லெட் டேப் கால் அங்குல அகலம். அதில் 10 செ.மீ. வெட்டினால் சுமார் 1 கிராம். பக்கத்துக்கு 1 கிராம் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு 5 செ.மீ. துண்டாக்கி, வளையத்தின் உள்பக்கம் ஸ்ட்ரிங் துளை வரிசைக்கு இருபுறமும் ஒட்டி, நகத்தால் நன்றாகத் தேயுங்கள். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் இரண்டு நாளில் உரிந்துவிடும். நாலைந்து ஆட்டம் ஆடிப் பார்த்த பிறகு வேண்டுமானால் கூட்டலாம்.

கேள்வி: சர்வில் பலம் வேண்டும். 12 மணியில் ஒட்டலாமா?

நான் ஒட்டிப் பட்டிருக்கிறேன். ஆசைப்பட்டு ஒரே மூச்சில் 6 கிராம். கணக்குப் பார்த்தால் ஸ்விங் வெயிட்டில் 20 புள்ளி! முதல் அரை மணி நேரம் சர்வ் இடி மாதிரி போனது. இரண்டாவது செட்டில் ஃபோர்ஹேண்டுக்கு மட்டை வந்து சேரவே இல்லை. பந்தெல்லாம் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி விழுந்தது. மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை. 1 கிராமில் தொடங்குங்கள், களைத்த பிறகும் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பழைய சாம்பியன் பீட் சாம்ப்ரஸ் நிறைய லெட் டேப் ஒட்டி ஆடினாராமே?

ஆமாம், 85 சதுர அங்குலத் தலையுள்ள சின்ன மட்டையில். அவர் பந்து வருவதற்கு முன்பே மட்டையைப் பின்னுக்கு எடுத்துவிடுவார். வாரம் இரண்டு நாள் ஆடும் நமக்கு அந்தக் கனம் எதற்கு?

கேள்வி: போட்டியில் இதற்கு அனுமதி உண்டா?

உண்டு. சர்வதேச விதிகளில் நீளத்துக்கு 73.7 செ.மீ., அகலத்துக்கு 31.7 செ.மீ. என்று வரம்பு இருக்கிறது; எடைக்கு வரம்பில்லை.

கேள்வி: என் மட்டை தலை கனமாக இருக்கிறது. கைப்பிடியில் எடை சேர்த்தால் லேசாகிவிடுமா?

பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். சமநிலைப் புள்ளி, அதாவது மட்டை சாயாமல் நிற்கும் இடம், கையை நோக்கி நகரும்; வாலியின்போது மட்டையைச் சுழற்றுவது சுலபமாகத் தோன்றும். ஆனால் ஸ்விங் வெயிட் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஏற்கெனவே தலையில் இருக்கும் எடை அங்கேதானே இருக்கிறது? சோதித்துப் பார்க்க விரும்பினால் தோல் கிரிப் சுற்றுங்கள். சாதாரண கிரிப்பைவிடச் சுமார் 10 கிராம் கூடுதலாக இருக்கும்.

கேள்வி: முழங்கை வலிக்கிறது. எடை கூட்டினால் அதிர்ச்சி குறையும் என்கிறார்களே?

கனமான மட்டை அதிர்வைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் பாலி ஸ்ட்ரிங்கை (விறைப்பான பாலியெஸ்டர் இழை) இறுக்கமாகப் போட்டு ஆடுகிறீர்கள் என்றால் முதலில் அதை அறுத்தெறியுங்கள். பல நுண்ணிழைகளால் ஆன, மென்மையான மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங் போட்டு, இழுவிசையையும் சில பவுண்டு குறைத்துப் பாருங்கள். டேப் அப்புறம். வலி விடாவிட்டால் மருத்துவரிடம் போங்கள், என்னிடம் வேண்டாம்.

கேள்வி: ஒரே மாடலில் இரண்டு மட்டை. ஒன்று மட்டும் கைக்கு ஒத்துவரவில்லை.

தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சில கிராம் முன்னேபின்னே இருக்கும். இரண்டிலும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே கிரிப் போட்டு, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிறகு உருண்டைப் பென்சிலின் மேல் கிடத்தி, எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று குறியுங்கள். லேசானதில் ஒட்டி, எடை, சமநிலைப் புள்ளி இரண்டையும் கனமானதோடு ஒப்பாக்க வேண்டும். டேப் வாங்கியதற்கு முழுப் பலன் கிடைப்பது இந்த வேலையில்தான்.

கேள்வி: ஈயம் ஆபத்தில்லையா?

ஒட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மேலே வேறொரு டேப்பால் மூடிவிடுங்கள். குழந்தைகளின் மட்டை என்றால் ஈயமில்லாத டங்ஸ்டன் டேப்தான்.

கேள்வி: உங்கள் மட்டையில் இப்போது எவ்வளவு?

3 மணியிலும் 9 மணியிலும் தலா 2 கிராம். ஒட்டி மூன்று வருடம் ஆகிறது, இன்னும் உரிக்கவில்லை.