கேளுங்கள், சொல்கிறேன்: அப்பாவின் கீபோர்டு

கேள்வி: 1990-களில் அப்பா ஜாப் டைப்பிங் செய்த கீபோர்டு பரணில் கிடைத்தது. உருண்டை முனை. என் லேப்டாப்பிலோ யூ.எஸ்.பி. மட்டும். லேமிங்டன் ரோட்டில் வாங்கிய குட்டி இணைப்பானைப் போட்டால் விளக்குகூட எரியவில்லை. கீபோர்டு செத்துவிட்டதா?
— வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: அவசரப்பட்டு பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள் அம்மா! முதலில் முனையைப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் ஐந்து ஊசி என்றால் பழைய ஏ.டி. வகை. சின்னதாக ஆறு ஊசி என்றால் 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த பி.எஸ்./2.

நீங்கள் வாங்கியதற்குள் வெறும் கம்பிதான் இருக்கும். இரண்டு பாஷையும் தெரிந்த கீபோர்டுக்குத்தான் அது உதவும். அப்பாவுடையதற்கு யூ.எஸ்.பி. பாஷை தெரியாது; நடுவில் ஒரு துபாஷி வேண்டும். சிப் வைத்த 'ஆக்டிவ் கன்வெர்ட்டர்' என்று அழுத்திக் கேளுங்கள். கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று என இரட்டை வால் தொங்கும். (நானும் நீங்கள் வாங்கிய மாதிரி வெறுங்கம்பிக் குட்டிகள் மூன்றை வாங்கி ஏமாந்தவன்தான்.) ஐந்து ஊசியானால், அதை ஆறாக்கும் இணைப்பானும் சேர்த்து வாங்குங்கள். அதற்கு வெறும் கம்பியே போதும்.

டெஸ்க்டாப்பின் பின்னால் ஊதா நிற ஓட்டை இருந்தால் ஆறு ஊசி முனையை நேரே செருகலாம், ஆனால் கணினியை அணைத்துவிட்டு.

விண்டோஸ் விசை இல்லையே என்று தேடாதீர்கள், 101 விசைப் பலகையில் அது கிடையாது. கண்ட்ரோலோடு எஸ்கேப்பை அழுத்துங்கள், ஸ்டார்ட் மெனு வரும். அப்புறம், சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் பழகிக்கொள்ளட்டும்.