கேள்வி–பதில்: பிளாஸ்மா கட்டரும் கரையிற எலெக்ட்ரோடும்

கேள்வி: அண்ணை, உப்புவெளியில வெல்டிங் வேர்க்‌ஷொப் வச்சிருக்கிறன், கேற், கிறில், லான்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டி வேலைதான். போன வருசம் தகடு வெட்டுற பிளாஸ்மா கட்டர் ஒண்டு எடுத்தனான். வெயில் காலத்தில நல்லா ஓடினது, மாரி தொடங்கினதில இருந்து எலெக்ட்ரோட் ரெண்டு நாளும் நிக்குதில்லை. கடைக்காரர் கரண்டக் கூட்டி வச்சு வெட்டுறீங்க எண்டுறார். சரியோ?

பதில்: தம்பி, மாரியில இருந்துதான் எண்டு எழுதினீங்க பாருங்க, அதிலயே பாதி விசயம் வந்திட்டுது. கரண்ட் கூடினா நொசில், அதாவது ஆர்க் (மின்சுவாலை) வெளிய வாற வாயின்ர ஓட்டைதான் முதல்ல கெடும். உங்கட பிரச்சினை அனேகமா கொம்ப்ரசரில இருந்து மெசினுக்கு வாற காத்து.

எலெக்ட்ரோட் செம்பு, அதின்ர நுனியில பொட்டு மாதிரிச் சின்னதா ஹாஃப்னியம் எண்ட உலோகம் பதிச்சிருக்கும். ஆர்க் அந்தப் பொட்டிலதான் கால் ஊண்டி நிக்குது, ஆர்க்குக்குள்ள சூடு 20,000 பாகைக்கு மேல போகும், செம்பு 1085 பாகையிலயே உருகிடும், அப்ப செம்பைக் காப்பாத்துறது என்னெண்டா சுழண்டு சுழண்டு போற அந்தக் காத்துத்தான். ஆர்க்கை நடுப்பொட்டில பிடிச்சு வைக்கிறதும் அதுதான். காத்து குறைஞ்சா ஆர்க் பொட்டை விட்டிட்டு செம்பில ஏறும், ஏறினா ஒரே வெட்டில எலெக்ட்ரோட் முடிஞ்சுது.

கழட்டின பழசுகளை எறியாம வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்க. நடுவில வட்டமா குழி விழுந்திருந்தா அது இயல்பான தேய்மானம். குழி ஒரு பக்கமாச் சாஞ்சு கிடந்தா காத்தைச் சுழட்டுற வளையத்தின்ர ஓட்டை அடைபட்டிருக்கு. செம்பு முகம் முழுக்க உருகிக் கிடந்தா பிரஷர் காணாது. கரி பிடிச்ச மாதிரிக் கறுத்திருந்தா எண்ணெயும் தண்ணியும் வருது. நீங்க கறுத்த எலெக்ட்ரோடைத்தான் காட்டுவீங்க எண்டு நினைக்கிறன்.

மாரியில எங்கட பக்கம் காத்தே ஈரம், கொம்ப்ரசர் அதை உறிஞ்சி அமத்தும்போது சூடாகும், பிறகு டாங்கில ஆறினதும் தண்ணியா விழும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முதல் டாங்கின்ர அடி வால்வைத் திறந்து தண்ணியை விடுங்க. தண்ணி பிடிக்கிற ஃபில்டரைக் கனபேர் கொம்ப்ரசருக்குப் பக்கத்திலயே பூட்டுறாங்க, அது பிழை, அங்க காத்து இன்னும் சூடு, ஈரம் ஆவியாவே ஃபில்டரைத் தாண்டிப் போயிடும். பைப் ஓடி ஆறின பிறகு மெசினுக்குக் கிட்டப் பூட்டுங்க. பிறகு ஆர்க் போடாம காத்தை மட்டும் விட்டு, டோர்ச் (கையில பிடிச்சு வெட்டுற பகுதி) வாயில வெள்ளைத் துணி பிடிச்சுப் பாருங்க, ஈரமோ எண்ணெயோ தெரிஞ்சா வெட்டத் தொடங்காதேங்க. பிரஷரையும் காத்து ஓடிக்கொண்டிருக்கேக்கதான் பாக்க வேணும், சும்மா நிக்கேக்க மீற்றர் நல்ல கணக்குத்தான் காட்டும், மெல்லிய நீள ஹோஸ் எண்டா ஓடின உடன சறுக்கும்.

இன்னொண்டு. எலெக்ட்ரோட் தேயிறது வெட்டின நீளத்தால மட்டும் இல்லை, எத்தினை தரம் ஆர்க் பத்தி எத்தினை தரம் அணையுது எண்டதாலயும்தான். எரியேக்க ஹாஃப்னியம் நுனி உருகின குழம்பாத்தான் நிக்குது, திடீரெண்டு அணைஞ்சா அந்தத் துளியைக் காத்து ஊதி எறிஞ்சு போடும். தகட்டு விளிம்பைத் தாண்டி ஆர்க்கை இழுத்து இழுத்து அணைய விடாம, முடியிற இடத்தில பொத்தானை விடுங்க. சும்மா அந்தரத்தில பத்த வச்சுப் பாக்கிறதையும் விட்டிடுங்க. வெட்டி முடிஞ்ச உடன மெயின் சுவிச்சை அமத்தாம, காத்து தானா நிக்கிற மட்டும் பொறுங்க.

கேள்வி: மூதூரில இருந்து எழுதுறன், தொழில்நுட்பம் படிக்கிறன். டங்ஸ்டன் 3422 பாகையில உருகும், ஹாஃப்னியம் 2233 தான். அப்ப ஏன் கூடின சூட்டில உருகுற டங்ஸ்டனைப் போடேல்லை?

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. உருகுற பாகையை மட்டும் பாத்தா டங்ஸ்டன்தான் வெல்லும், ஆர்கன், நைட்ரஜன் பாவிக்கிற டோர்ச்சில டங்ஸ்டன்தான் இருக்கு. ஆனா காத்தில ஆக்சிஜன் இருக்கெல்லோ, சூட்டில டங்ஸ்டன் ஆக்சைட் ஆகி ஆவியாப் பறந்திடும், நுனி கண்ணுக்கு முன்னால காணாமப் போகும். ஹாஃப்னியத்தின்ர ஆக்சைட் அப்பிடி லேசில பறக்காது, 2700 பாகைக்கு மேலதான் உருகும், மேல ஒரு தோலா நிண்டுகொண்டே எலெக்ட்ரோனை வெளிய விடும்.

கேள்வி: தேஞ்ச எலெக்ட்ரோடை அரத்தால ராவித் திருப்பிப் போடலாமோ? (கிண்ணியா)

பதில்: வேண்டாம். குழியில ஹாஃப்னியம் இல்லாமப் போனதுதான் பிரச்சினை, ராவினா அது திரும்ப வராது, உள்ளுக்க அளவும் மாறிடும். குழி ஒண்டரை மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்தா மாத்துங்க, நொசிலையும் சேத்து மாத்துங்க.