கடற்காற்று வீசும் நாகர்கோவிலில் கரைப்பான் ஊற்ற எர்த் கம்பி தேவையா?

கட்டாயம் தேவை. கல்லூரி ஆய்வகத்தில் டிரம்மிலிருந்து கேன்களுக்குக் கரைப்பான் பிடிக்கிறீர்கள், "நம் மாவட்டத்துக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறதே, நிலைமின்சாரம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பரிசோதனைக் கூடத்தில் டொலுயீன் என்ற கரைப்பானோடு புழங்குகிறவன் நான். அந்த ஈரத்தை நம்பி டிரம்மைத் திறக்காதீர்கள்.

ஈரக்காற்று உடையிலும் மேசையிலும் மெல்லிய நீர்ப்படலமாகப் படிகிறது. அங்கே சேரும் மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடும். அது செய்யும் உதவி அவ்வளவுதான். டொலுயீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் குழாயில் ஓடும்போது மின்னூட்டம் பிறப்பது திரவத்துக்குள். இவை மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்துபவை, தண்ணீரோடும் சேராதவை. வெளியே ஐப்பசி மழை கொட்டினாலும் கேனுக்குள் மின்னூட்டம் ஏறத்தான் செய்யும். ஏசி அறையென்றால் காற்றின் ஈரமும் குறைந்துவிடும்.

அந்த மின்னூட்டம் தாவும்போது வரும் பொறி பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஹெக்சேன் ஆவி காற்றோடு தக்க விகிதத்தில் கலந்திருந்தால் பற்றிக்கொள்ள 0.24 மில்லிஜூல் போதும். உடலில் ஏறக்குறைய 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் விரல் நுனியில் சுருக்கென்று தெரியும். அந்தப் பொறியிலேயே இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் உண்டு. நமக்குத் தெரியாமல் போகும் பொறியே தீ வைத்துவிடும்.

டொலுயீனைப் பற்றி எனக்குக் கூடுதல் கவலை. ஹெக்சேன் கேனுக்குள் பெரும்பாலும் ஆவி மிகுந்து, எரியக் காற்று போதாமல், எரியும் வரம்பைத் தாண்டியிருக்கும். டொலுயீன் ஆவியோ நம் ஊர் 30 டிகிரியில் மூடிய கேனுக்குள் 5 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அது எரியும் வரம்பு 1.1 முதல் 7.1 சதவீதம் வரை. கேனின் உட்புறமே தீக்குத் தயாராக இருக்கிறது என்று பொருள்.

ஆகவே மூடியைத் திறக்கும் முன்பே டிரம்மை எர்த்தோடும், கேனை டிரம்மோடும் கம்பியால் இணையுங்கள். கிளிப் பெயிண்டின் மேல் இல்லாமல் வெறும் உலோகத்தைக் கடித்திருக்க வேண்டும். குழாயின் முனை கேனின் அடிவரை இறங்கட்டும். அது மூழ்கும் வரை திரவம் மெதுவாகவே ஓடட்டும். மேலிருந்து சிதறி விழவிடக் கூடாது. மூடியை மூடிய பிறகே கிளிப்பை எடுக்க வேண்டும். ஊற்றுபவர் பருத்தி மேலங்கி அணிந்து, எர்த் செய்த உலோகத்தை முதலில் தொட்டுவிட்டு வரட்டும். வீட்டு ரப்பர் செருப்போடு வேலைக்கு நிற்க வேண்டாம்.

பிளாஸ்டிக் கேனில் உலோகப் புனலைச் செருகி ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். எர்த் இல்லாத அந்தப் புனல் மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து, கை நெருங்கும்போது பொறியாக விடும். அசிட்டோன் மின்சாரத்தைக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் கேனில் அந்த மின்னூட்டம் வெளியேற வழியில்லை. 2.5 லிட்டர் கண்ணாடிப் பாட்டிலிலிருந்து பீக்கருக்கு ஊற்றுவதில் ஆபத்து இவற்றைவிடக் குறைவு.

நம் கடற்காற்று இந்த விஷயத்தில் எதிரியும்கூட. உப்பு படிந்து கிளிப்பின் பல்லும் எர்த் முனையும் துருப்பிடிக்கும். பார்வைக்கு இணைந்திருப்பதுபோல் தெரிந்தாலும் தொடர்பு அறுந்திருக்கும். மாதம் ஒருமுறை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 10 ஓமுக்கு மேல் காட்டினால், கிளிப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தோ மாற்றியோ மறுபடி அளந்த பிறகே டிரம்மைத் தொடவிடுங்கள்.