ஈரமண்ணில் வாடும் கத்தரி

கேள்வி: மாடித்தொட்டிக் கத்தரிக்குத் தினமும் இருவேளை தண்ணீர் ஊற்றுகிறேன். மண் ஈரமாக இருந்தும் இலைகள் தொங்குவது ஏன்?

பதில்: தண்ணீர் மிகுந்ததுதான் காரணம். வேர்நுனிக்குச் சற்று மேலுள்ள, மயிரிழை போன்ற வேர்த்தூவிகள்தான் நீரை உறிஞ்சுகின்றன. அந்த நீர் வேரின் உள்ளடுக்குகளான புறணி, அகத்தோல் கடந்து, நீரை மேலே கொண்டுசெல்லும் சைலக் குழாயை அடைகிறது. இலை நீராவியை வெளிவிடும் இழுப்பு அதை மேலேற்றுகிறது. மண்ணின் காற்றிடைவெளிகளில் நீர் தேங்கினால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. வேர்ச்செல்களின் நீர்வழிகள் மூடிக்கொள்ளும், தூவிகள் செத்துவிடும், பிறகு அழுகல். அதனால்தான் மண்ணில் நீர் இருந்தும் இலைக்கு ஏறாமல் அது தொங்குகிறது.

முதலில் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 2 அங்குல ஆழத்தில் விரலுக்கு ஈரம் தட்டாதபோது மட்டும் ஊற்றுங்கள். குழைந்த பழுப்பு வேர்களை வெட்டிவிட்டு, செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய உரம் சமபங்கு கலந்து மாற்றி நடலாம். யூரியா இப்போது வேண்டவே வேண்டாம். உரத்தால் மண்ணில் உப்புச்செறிவு கூடினால் வேரிலுள்ள நீரும் வெளியேறிவிடும்.