கோவிட் தடுப்பூசியால் எனக்கு வந்ததும், தடுப்பூசியின் தலையில் கட்டப்பட்டதும்

கேள்வி: கோவிட் தடுப்பூசி போட்ட பிறகு உங்களுக்கு என்னென்ன பக்கவிளைவுகள் வந்தன? எனக்குச் சில மாதங்களாகக் கால் மரத்துப்போகிறது. சில வருடங்களுக்கு முன்னால் போட்ட அந்த ஊசிதான் காரணமா?

எனக்கு வந்தன. குளிர்காய்ச்சல், அக்குளில் நெறி, மாதவிலக்குத் தள்ளிப்போனது. மூன்றுமே சரியாகிவிட்டன. உங்கள் காலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். என் கதையைக் கேட்டால்தான் நான் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

முதல் டோஸ் அடினோவைரஸ் வகை, அதாவது ஆஸ்ட்ராசெனெகா (இந்தியாவில் கோவிஷீல்டு). காலையில் போட்டேன், பகல் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ ஓடியது. கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுக்கம் அடங்கவில்லை. தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கினால் விளிம்பு பல்லில் பட்டு டக்டக்கென்று சத்தம். கண்முழியைத் திருப்பினால்கூட வலித்தது. காய்ச்சல் 102-ஐத் தொட்டது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன்; விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டி இறங்கியது. மறுநாள் முழுக்கப் படுக்கை. அதற்கடுத்த நாள் பழையபடி வேலைக்கு வந்துவிட்டேன். இரண்டாவது டோஸுக்குக் கை கனத்ததோடு சரி.

என் தம்பிக்கு நேர்மாறு. அவன் போட்டது எம்ஆர்என்ஏ வகை. முதல் டோஸில் கைவலி மட்டும், இரண்டாவதில் காய்ச்சல். பொதுவாகவே அப்படித்தான்: ஆஸ்ட்ராசெனெகா வகையில் முதல் டோஸ் படுத்தும், ஃபைசர், மாடர்னா வகையில் இரண்டாவது படுத்தும். காய்ச்சலைக் கிளப்புவது நம் எதிர்ப்புசக்திதான். ஊசி மருந்தைக் கண்டதும் அது வெளியிடும் வேதிப்பொருட்கள் மூளைக்கு எட்டி, உடம்புச் சூட்டை ஏற்றிவிடுகின்றன. அதனால்தான் ஓரிரு நாளில் தானாக அடங்குகிறது. ஆனால் ‘காய்ச்சல் வந்தால்தான் ஊசி வேலை செய்கிறது’ என்று பலர் சொல்வது சரியில்லை. ஃபைசர் ஆய்வில் 55 வயது வரை உள்ளவர்களில் இரண்டாவது டோஸுக்குப் பிறகு காய்ச்சல் கண்டவர்கள் 16 சதவீதம்தான். நோயைத் தடுத்த திறனோ 95 சதவீதம். காய்ச்சல் வரவில்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். வந்தால் பாராசிட்டமால் போடலாம். வருமோ என்று பயந்து ஊசிக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

பூஸ்டர் எனக்கு எம்ஆர்என்ஏ வகையில் கிடைத்தது. ஓரிரு நாள் கழித்துக் குளிக்கும்போது இடது அக்குளில் கோலிகுண்டு அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அழுத்தினால் வலித்தது. பெண்களுக்கு அந்த இடத்தில் கட்டி என்றால் மனசு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. டாக்டரிடம் ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஊசி எந்தக் கையில் போட்டீங்க?” இடது கை. எதிர்ப்பணுக்கள் பெருகும் இடமே நிணநீர்க் கணுதான், அதனால் ஊசி போட்ட பக்கம் நெறி கட்டுவது உண்டு என்று விளக்கி, சில வாரம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். கரைந்துவிட்டது. மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போகிறவர்கள் எந்தக் கையில், என்றைக்கு ஊசி போட்டோம் என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்கேனில் அந்த வீக்கம் தெரிந்து வீணாகச் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி வரை போகாமல் இருக்கத்தான் இதை 2021-லேயே ரேடியாலஜி மருத்துவர்கள் அறிவுறுத்தினார்கள். கட்டி கரையாமல் நின்றாலோ, ஊசி போடாத பக்கத்தில் வந்தாலோ ஊசி மேல் பழி போட்டுவிட்டு உட்காராதீர்கள். காட்டிவிடுங்கள்.

மாதவிலக்கு விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான்.

எனக்கு அது தேதி தவறாமல் வரும். ஊசி போட்ட மாதம் தள்ளிப்போனது, வந்தபோது வழக்கத்தைவிட அதிகமாகப் போனது. ஒரு டாக்டரிடம் சொன்னேன். முகத்தைக் கூடப் பார்க்காமல், “ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, எல்லாம் டென்ஷன்” என்றார். தேதியைக் குறித்து வைத்திருந்த நோட்டை நீட்டினேன், வாங்கிப் பார்க்கவில்லை. அதே சமயத்தில் என் தோழிகள் ஒவ்வொருவராக இதையே சொன்னார்கள். இத்தனை பேர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லாதபோது வாட்ஸ்அப்பில் ‘குழந்தையே பிறக்காது’ என்ற புரளி பரவியது. கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் விட்டதில்தான் அந்தப் புரளிக்குக் கால் முளைத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

உண்மை என்னவென்றால், தடுப்பூசி ஆய்வுகளில் மாதவிலக்கைப் பற்றிய தகவலை யாரும் சேகரிக்கவே இல்லை. பெண்கள் விடாமல் சொன்ன பிறகுதான் தேடினார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பெண்களின் செல்போன் செயலிப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஊசி போட்ட சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போகிறது, ஒரே சுழற்சிக்குள் இரண்டு டோஸும் போட்டவர்களுக்கு இரண்டு நாள் வரை தள்ளுகிறது, பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது என்று கண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகமை, அதிக உதிரப்போக்கை எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. கருத்தரிப்பதற்கு இதனால் பாதிப்பு இல்லை என்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. “இப்படி வரலாம், ஒன்றிரண்டு மாதத்தில் சரியாகும், ஆகாவிட்டால் வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை பெண்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

இதற்கு மறுபக்கமும் என் வீட்டிலேயே நடந்தது. என் அத்தைக்கு ஊசி போட்டுப் பல மாதம் கழித்து அசதி ஆரம்பித்தது. சீப்பை வைத்தால் கொத்துக்கொத்தாக முடி வந்தது, சாப்பாடு குறைந்தும் உடம்பு பெருத்தது, எப்போதும் குளிர்கிறது என்பார். “எல்லாம் அந்த ஊசி போட்டதிலிருந்துதான்” என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோது தைராய்டு மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்ததும் சில வாரங்களில் முகமே தெளிந்துவிட்டது. தேவையே இல்லாமல் அத்தனை மாதம் அவர் பட்ட கஷ்டத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆக, நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எது, எப்போது ஆரம்பித்தது? ‘ஊசிக்குப் பிறகு’ என்பது மட்டும் போதாது. பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டோம், ஆகவே அதன் பிறகு வந்த எல்லா நோயும் ஊசிக்குப் பிறகு வந்ததுதான். 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, பல தடுப்பூசிச் சோதனைகளில் மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களைக் கணக்கெடுத்தது. முதல் போலி ஊசிக்கே 35 சதவீதம் பேர் தலைவலி, அசதி போன்றவற்றைச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, தலை உண்மையாகவே வலித்தது. காரணம்தான் ஊசி மருந்து இல்லை.

அரிதாக வரும் ஆபத்துகளையும் மறைக்கக்கூடாது. அவற்றுக்கும் காலக்கணக்கு உண்டு. கடும் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் வந்துவிடும். ஊசி போட்டதும் உட்காரவைப்பது அதற்காகத்தான். இதயத்தசை அழற்சி எம்ஆர்என்ஏ வகையில், அதிலும் இளைஞர்களுக்கு, பெரும்பாலும் இரண்டாவது டோஸ் போட்ட ஒரு வாரத்துக்குள் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறலாகத் தெரியும். ஆஸ்ட்ராசெனெகா வகையில் ரத்தம் உறைந்து, கூடவே ரத்தத்திலுள்ள தட்டணுவும் (பிளேட்லெட்) குறையும் பிரச்சினை ஏறக்குறைய நான்காம் நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் வந்தது. விடாத தலைவலி, பார்வை மங்கல், கால் வீக்கம், அடங்காத வயிற்றுவலி, ஊசி போடாத இடத்தில் சிவப்புப் புள்ளிகள் அதன் அறிகுறிகள். பிரிட்டன் கணக்கில் முதல் டோஸ் போட்ட ஒரு லட்சம் பேரில் ஓரிருவருக்கு வந்தது. இறந்தவர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களிடம் போய் ‘அரிது’ என்று சொல்லி வாயை அடைப்பது மனிதத்தன்மை இல்லை.

2024-ல் ஆஸ்ட்ராசெனெகா நிறுவனம் நீதிமன்றத்தில் இதை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்ததும், எப்போதோ ஊசி போட்டவர்களெல்லாம் பயந்துபோனார்கள். புதிதாக ஒன்றும் வெளிவரவில்லை. 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்து முகமை இதைப் பக்கவிளைவாக அறிவித்துவிட்டது. ஆபத்து இருந்தது அந்தச் சில வாரங்களில்தான்.

இப்போது உங்கள் கால். தடுப்பூசியோடு சேர்த்துப் பேசப்பட்ட நரம்பு நோய் கீலன்-பாரே. அது வந்தால் ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் வரும். காலில் தொடங்கும் பலவீனம் நாட்கணக்கில் மேலே ஏறும். வருடங்கள் கழித்து மெல்ல மரத்துப்போவது அந்த மாதிரி இல்லை. சர்க்கரையும் வைட்டமின் பி12 அளவும் தைராய்டும் பாருங்கள். ஒரு கால் மட்டும் என்றால், அல்லது இடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறது என்றால் முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று ஒரு பக்கமே மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். டாக்டரிடம் ஊசி போட்ட தேதியையும் சொல்லுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் மரத்துப்போவது எந்த மாதம் ஆரம்பித்தது, ஒரு காலா இரண்டு காலா, ராத்திரியில் கூடுகிறதா என்பதை முதலில் சொல்லுங்கள். அவர் கேட்காமல் தட்டிக்கழித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.